ஆண்டறிக்கை: 172 விமானத்தின் உட்புறச் சீரமைப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பெல்லாம் ஒரே வேலையில் போயிற்று: 1975ஆம் ஆண்டுத் தயாரிப்பான நம் செஸ்னா 172எம் விமானத்தின் உட்புறத்தை முழுக்கப் பிரித்துக் கட்டினோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கண்டவற்றையும் செய்தவற்றையும் நான் பதிவு செய்கிறேன். அடுத்து கைவைப்பவர்களுக்கு இது உதவ வேண்டும்.

மெத்தையுறை, உள் அலங்காரப் பழுதுகளை விமானி உரிமமுள்ள உடைமையாளரே பார்த்துக்கொள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிகளின் 43ஆம் பகுதி இடம் தருகிறது. முதன்மைக் கட்டமைப்பையோ இயக்க அமைப்புகளையோ பிரிக்கக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டிய வேலைகளை மெக்கானிக் செய்து லாக் புத்தகத்தில் கையெழுத்திட்டார்.

பின்சீட்டுக்குப் பின்புறம் பக்கச்சுவர்ப் பலகையைக் கழற்றியதும் உள்ளிருந்த கண்ணாடிப் பஞ்சு ஈரமாகக் கையோடு வந்தது. அதன் அடியில் அலுமினியத் தகட்டில் வெள்ளை மாவு பூத்திருந்தது. ஜன்னலோரம் கசியும் மழைநீரைப் பஞ்சு உறிஞ்சி வைத்துக்கொள்ள, தகடு வருடக்கணக்கில் ஈர ஒத்தடத்திலேயே கிடந்திருக்கிறது. துணி கிழிந்ததைவிட இதுதான் கவலைக்குரியது. அரிப்பு எவ்வளவு ஆழம் என்று மெக்கானிக் அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்ற பிறகே நைலான் பட்டையால் தேய்த்தோம். இரும்புக் கம்பளியால் தேய்க்கவே கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். பிறகு எபாக்ஸி பிரைமர் அடித்து, ஜன்னல் கசிவை அடைத்து, நீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் ஒட்டினோம்.

கூரைத்துணியைத் தாங்கும் கம்பி வில்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறுபடும். கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிக் கட்டுங்கள். இடம் மாறினால் துணியில் சுருக்கம் விழும், எவ்வளவு இழுத்தாலும் போகாது.

ராயலைட் பிளாஸ்டிக் ஓரங்கள் வெயிலில் முறுகிப்போயிருந்தன. விரிசலின் முனையில் 1/8 அங்குலத் துளை போட்டால் அது மேலே ஓடாது. பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் கண்ணாடியிழைத் துணியோடு பூசி, இரவு முழுக்கக் காயவிட்டோம். ஸ்க்ரூ துளையைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். வெப்பத்தில் பிளாஸ்டிக் விரியும், இறுக்கிப் பிடித்தால் அங்கேயே மறுபடி வெடிக்கும். இந்த வேலையை விமானத்துக்கு வெளியேதான் செய்ய வேண்டும், அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் ஜன்னல் நுண்விரிசல் விட்டுப் பாழாகும்.

சீட் உறைக்கும் ஃபோமுக்கும் தீச்சோதனைச் சான்று இல்லாத எதையும் வாங்கவில்லை. நாம் கேட்டது 12 விநாடி செங்குத்துச் சோதனை: சுடரை எடுத்தபின் எரிவது சராசரி 15 விநாடிக்குள், எரிந்த நீளம் 8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சான்றுகளைக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

சீட்டுகள் வெளியே இருந்தபோது தரை ரெயில்களை மெக்கானிக் சோதித்தார். சீட்டை நகராமல் பிடிக்கும் பூட்டு ஊசி விழும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமானால், கிளம்பும் நேரத்தில் சீட் பின்னுக்கு வழுக்கி, விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் பிடித்து இழுத்துவிடுவார். உயிர்ப்பலிகள் இப்படி நேர்ந்திருக்கின்றன. தேய்ந்த துளையின் அளவு 0.36 அங்குலத்தைத் தாண்டினால் தொடர்ந்து அளந்து வர வேண்டும், 0.42ஐத் தாண்டினால் ரெயிலையே மாற்ற வேண்டும். நம் இடது முன் ரெயில் ஒன்றை மாற்றினோம். புதுத் தரைவிரிப்பை ரெயிலுக்கு இருபுறமும் நன்கு ஒதுக்கி வெட்டியிருக்கிறோம். ரெயில்மேல் ஏறினால் ஊசி முழுதாக இறங்காது.

கழற்றியது, பூட்டியது எல்லாவற்றையும் எடைபோட்டு, விமானத்தின் எடையையும் எடைமையத்தையும் காட்டும் எடை–சமநிலைத் தாளை மெக்கானிக் திருத்தினார். பறக்குமுன் பழைய தாளை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

ஒன்று பாக்கி. வலது கதவுக்குப் போட்ட ரப்பர் தடிமன் அதிகமாகி, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மெல்லியது வந்ததும் மாற்றுவோம். அதுவரை கதவைச் சாத்தியபின் உள்ளிருந்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

செயலாளர்