நூற்றுக்கு 60 ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"தங்கம் ஏறிக்கொண்டே போகுது, பக்கத்துக் கடையில் கூடுதலாத் தர்றாங்க, நீங்க மட்டும் நூறு ரூபாய் நகையை அடகு வச்சா 60-க்கு மேல கடன் தர மாட்டேங்கிறீங்களே!" என்று சித்திரைத் திருவிழா முடிந்ததிலிருந்து பலரும் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவருக்கும் விளக்க முடியவில்லை. அதனால் இந்த மடல். காரணம் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

1929-ல் நியூயார்க்கில் 100 டாலர் பங்கு வாங்க, கையிலிருந்து 10, 20 டாலர் போட்டால் போதும். அந்தப் பங்கையே ஈடாக வைத்துக்கொண்டு மீதியைத் தரகர் கடனாகத் தருவார். நம் அடகுத் தொழில்தான், பெயர்தான் வேறு. அக்டோபர் கடைசியில் விலை சரிந்ததும் "மேற்கொண்டு பணம் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடுவேன்" என்றார்கள் தரகர்கள். எல்லோரும் ஒன்றாக விற்றார்கள். விலை இன்னும் விழுந்தது. சரிவு பங்குச் சந்தையோடு நிற்கவில்லை. அடுத்த சில வருடங்களில் சுமார் 9,000 வங்கிகள் மூடின, போட்ட பணம் போனது. 1933-ல் அங்கே வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவர் சும்மா இருந்தார்.

பங்குப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காத நம் ஊர் விவசாயிகளுக்கு இந்தச் சரிவு நெல், பருத்தி விலையாக வந்து சேர்ந்தது. விலை ஏறக்குறைய பாதியானது. கிஸ்தியும் (நிலவரி) கடனும் ரூபாயில் எழுதியவை, அவை குறையவில்லை. பத்து மூட்டை விற்றுக் கட்டிய கடனுக்கு இருபது மூட்டை வேண்டியிருந்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையைக் கைவிட்டதும், பவுண்டோடு ரூபாயின் மதிப்பும் இறங்கி, இங்கே தங்கத்துக்கு ரூபாயில் கூடுதல் விலை கிடைத்தது. வீட்டிலிருந்த நகையெல்லாம் வெளியே வந்து, பம்பாய் வழியாகக் கப்பலேறியது.

எங்கள் தாத்தா அப்போது தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அடகு வைக்கவில்லையாம், விற்றார்களாம். திருப்ப முடியாது என்று தெரிந்த பிறகு அடகுச் சீட்டு எதற்கு? கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வந்த பெண்கள் தராசைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள் என்பார். அதைச் சொல்லும்போது அவரும் சுவரைத்தான் பார்ப்பார்.

கடன் கொடுத்தவனாவது பிழைத்தானா? பர்மாவில் லேவாதேவி செய்த நம் செட்டிநாட்டார் கையில் 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம்தான் இருந்தது. கடன் திரும்பாமல் 1937-க்குள் அது 25 சதவீதமானது. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்தது வயலும் ஊர்ப் பகையும். திருப்பாமல் மூழ்கின நகையால் கடைக்காரனுக்குக் கொள்ளை லாபம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நூறு ரூபாய் நகைக்கு 90 வாங்கினால், அந்த நகையின் விலை பத்து ரூபாய் இறங்கினாலே நகை ஏலத்துக்குத்தான். 60 வாங்கினால் கால்வாசி இறங்கினாலும், வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தால், நகை உங்களுடையது. ஆகவே 60 அப்படியே தொடரும்.

ஆடி முதல் தேதியிலிருந்து ஒரு மாற்றம். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் கட்டலாம், 500 ரூபாயானாலும் வாங்கிக்கொள்வோம். கட்டிய அளவுக்கு வட்டி அன்றே குறையும். வளையலும் தோடும் ஒரே சீட்டில் இருந்தால், தோட்டுக்கான தொகையைக் கட்டி அதை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். வரும்போது பழைய சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மதுரை