அக்காவுக்கு இப்ப ஐந்து மணி

அன்புள்ள மகளுக்கு,

சுகமாய் இருக்கிறாயா? அங்கே இன்னும் ஸ்னோ விடவில்லையென்று டிவியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு போ. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

தம்பி திங்கட்கிழமை தொடக்கம் வேலை பழகுகிற ஆஸ்பத்திரிக்கு 182 பஸ்ஸில் தனியாகப் போகிறான். வேலை பழக்குகிற அந்த ஜொப் கோச் பிள்ளை முதலில் பக்கத்திலேயே இருந்து போனா. பிறகு பின் சீட்டில். பிறகு ஆஸ்பத்திரி ஸ்டொப்பில் மட்டும் நின்றா. இப்போது அங்கேயும் இல்லை. அப்பா இரண்டு நாள் காரில் பஸ்ஸுக்குப் பின்னால் போனார். மூன்றாம் நாள் நான் கார்த் திறப்பை வாங்கி வைத்துவிட்டேன்.

காலமை ஒரு மணித்தியாலம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வகுப்பு, மிச்ச நேரம் வேலை. கொலிஜ் படிப்பு என்றாலும் கொலிஜுக்குப் போவதே இல்லை. முதல் தவணை சாப்பாட்டு வண்டில், இரண்டாவது துணி மடிக்கிற இடம், ஈஸ்டரோடு ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். கையுறைப் பெட்டி, ஊசிப் பெட்டி எல்லாம் தட்டில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் படம் படமாகப் பிரித்து அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அட்டையைப் பார்ப்பதில்லையாம். 1996இல் அமெரிக்காவில், சின்சினாட்டி பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், ஒரு நேர்ஸ்தான் இப்படி ஒன்றைத் தொடங்கினாவாம். சாமான் அடுக்குகிற வேலையை தம்பி மாதிரி கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஏன் பழக்கக்கூடாது என்று கேட்டாவாம். வீட்டில் டின் எல்லாவற்றையும் பெயர் வெளியே தெரிய அடுக்குகிறான் என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

அவனுக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று கவுன்சிலுக்குக் கொடுக்கிற அந்த ஈ.எச்.சி. பிளானுக்கு வேண்டியதையெல்லாம் நீதானே இரவிரவாக முழித்திருந்து எழுதினாய். அது இல்லாவிட்டால் இந்த இடமே இல்லை. அதுவும் 25 வயது வரைக்கும்தான். அவனுக்கு 22. இப்போது சம்பளம் ஒன்றும் இல்லை, யூலைக்குப் பிறகு வேலை கிடைத்தால்தான். கவுன்சில் கணக்கில் இருக்கிற இப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. யாரிடம் சொல்ல? நீ போன் எடுப்பதில்லை. தம்பிக்கு மட்டும் வொய்ஸ் அனுப்புகிறாய், அவன் அதைப் பத்துத் தரம் போடுகிறான், நானும் குசினிக்குள் நின்று கேட்கிறேன். பெற்றவளுக்கு இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றாவது சொல்லு.

சனிக்கிழமைகளில் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்று, "அக்காவுக்கு இப்ப ஐந்து மணி, அக்கா நித்திரை" என்கிறான். இங்கே லண்டனில் பத்து மணி. ஒரு நாளும் பிழைத்ததில்லை.

பிள்ளை, உன் கலியாணத்துக்கு வர அவன் பிளேனில் எட்டு மணித்தியாலம் இருக்க மாட்டான் என்று நான் உனக்குச் சொன்னது பொய். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உன் மாமியின் ஆட்கள் மண்டபத்தில் அவனைப் பார்த்து என்ன கதைப்பார்களோ என்று பயந்தேன். தாலி கட்டும்போது கையைத் தட்டிச் சத்தம் போடுவானோ என்று பயந்தேன். மாமி கேட்டபோது மகனுக்குச் சோதனை என்றும் சொன்னேன். ஒன்பது நாள் அவனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்து, உன் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்று படமெடுத்தேன். முன் வரிசையில் அவனுக்கென்று நீ ஒரு கதிரை வைத்திருந்தாய். அதில் என் கைப்பையை வைத்ததும் நான்தான்.

இப்போது அவன் முன் வாசலால் இறங்கிப் பஸ்ஸுக்குப் போவதை யன்னலால் பார்க்கிறபோது அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

யூலைக் கடைசியில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று படிவம் கொடுத்தார்கள். அவனே நிரப்பினான். மூன்று என்று எழுதியிருக்கிறான். நான் திருத்தவில்லை.

குளிருக்குள் தலை முழுகிவிட்டு வெளியே போகாதே. காதை மூடு.

அம்மா