மணியின் காலுக்காக ஓடிய எல்லோருக்கும்

தெருவாசிகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலை எங்கள் நாய் மணியின் கால்கட்டைப் பிரித்தாயிற்று. புதுத்தோல் மூடிவிட்டது, இனிமேல் கட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறப்போட்டால் எழுதமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று ராத்திரி டார்ச்சும் துண்டுமாக எங்கள் வாசலில் நின்றவர்கள்தானே. காலி மனையில் பாட்டில் உடைத்து, மணியின் பாதம் கிழியக் காரணமானவர்களைப் பற்றியும் இங்கே பேசப்போவதில்லை. அது சங்கக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம், கட்டாயம் பேசுவேன்.

நாயை ஏற்ற மாட்டேன் என்று சொல்லாமல், சீட்டில் கோணியை விரித்துக்கொடுத்த ஆட்டோக்காரருக்கு நன்றி. அலுவலகத்தில் என் ஷிப்டை வாங்கிக்கொண்ட இருவருக்கும் நன்றி. மூட்டு வலிக்கு வாங்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையில் பாதியை மணிக்கும் கொடுக்கலாமே என்று நல்ல மனதோடு கடைக்குப் போன எதிர்வீட்டு மாமாவுக்கும் நன்றி. "யாருக்கு?" என்று கேட்டு, நாய்க்கு என்றதும் மாத்திரையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்ட மெடிக்கல் ஷாப் தம்பிக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்த மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று டாக்டரும் பின்னால் சொன்னார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்த பாட்டிக்கு ஒரு வார்த்தை: திறந்த காயத்தில் எதையும் பூசக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்ததால் வைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறோம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. எத்தனை தலைமுறை மாடுகளும் குதிரைகளும் வந்துபோன இடமோ! அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் ஒரு நாட்டு நாயின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுப் போடுவது எப்படி என்று அவசரமே இல்லாமல் சொல்லிக்கொடுத்தார் ஒரு பயிற்சி மருத்துவர். பாதத்தின் அடிச்சதை ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்குவதால் தையல் லேசில் நிற்காது, எனவே ஓட்டமும் மாடிப்படியும் கூடாது. நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும் என்பதால் விரல் இடுக்கில் பஞ்சு வைத்துத்தான் சுற்ற வேண்டும். நடு விரல் இரண்டின் நகமும் வெளியே தெரிய வேண்டும். அந்த நகங்கள் விலகிப்போனாலோ விரல் வீங்கினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். வெளியே போகும்போது மட்டும் பிளாஸ்டிக் உறை, உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "எது எப்படிப் போனாலும் கட்டு ஈரமாக மட்டும் இருக்கக்கூடாது" என்றார்.

ஐப்பசி மாதத்தில், சென்னையில், இப்படிச் சொன்னார்.

இனி நான் எழுத வந்த ஆளுக்கு வருகிறேன். நம் தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன்.

காயத்தின் மேல் படும் வலைத்துணி ஒவ்வொரு தடவையும் கடையில் வாங்கியதுதான், பாக்கெட் பிரித்து வைப்போம். ஆனால் அதற்கு மேல் சுற்றும் காட்டன் துணி ரோலையும் கிரேப் பேண்டேஜையும் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம் என்றார்கள். துவைப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை. காய்வதுதான் கஷ்டம். பால்கனி, ஃபேனுக்கடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்று எங்கே போட்டாலும் மறுநாள் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஒருநாள் காற்றில் ஒரு ரோல் பால்கனிக் கம்பியிலிருந்து அவிழ்ந்து தெருவில் விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்த நாள் இஸ்திரிக்குப் போட்ட சட்டைகள் வந்தபோது இரண்டு சட்டைக்கு நடுவே அது இருந்தது. அலசி, தேய்த்து, கடையில் வாங்கியதைவிட இறுக்கமாகச் சுருட்டி வைத்திருந்தார். கணக்கு நோட்டில் சட்டைக்கு மட்டும்தான் கோடு.

நன்றி சொல்லலாம் என்று இறங்கிப் போனால் அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "இன்னும் எவ்வளவு இருக்கு, எல்லாத்தையும் எடுத்தாங்க சார்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரேப் துணியை இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ரப்பர் ஓடுது, பெட்டி தாங்காது" என்று தனியே எடுத்துக் கரித் தணலுக்கு மேலே கயிற்றில் போட்டார். காட்டன் ரோலுக்கு மட்டும் பெட்டி. பலர் கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு மாறிவிட்டார்கள், இவர் இன்னும் கொட்டாங்குச்சிக் கரிதான். தண்ணீரைத் தெளித்துச் சூடு பார்த்து, ஒரு முனையை இடது கையால் பிடித்துக்கொண்டு முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் தேய்த்தார். துணியிலிருந்து ஆவி எழுந்து அடங்கியதும், தேய்த்த சூடு ஆறுமுன் சுருட்டினார். ஓரம் பிசகாமல் சுருட்டினார். அதன் அருமை ராத்திரி கட்டும்போதுதான் தெரிந்தது. ஒரு கையில் மணியின் காலைப் பிடித்தால் மிச்சம் ஒரு கைதான். நாங்கள் சுருட்டிய ரோல் பாதியில் சிக்கும், அதற்குள் அவன் காலை இழுத்துக்கொள்வான். இவர் சுருட்டியது தானாக உருண்டு வந்தது.

அதற்கப்புறம் சாயங்காலமானால் கீழேயிருந்து குரல் வரும்: "சார், நாய்த்துணி இருக்கா?"

அவருக்கு நாய் என்றால் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டிக்கு அடியில் மணி படுத்தால் "சூ" என்று விரட்டுகிறவர்தான். இன்றைக்கும் விரட்டினார். காசு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "நாய்க்குன்னு செய்யல சார். ஈரத்துணியப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். அவர் சும்மா சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. மணியைக் கொஞ்சியவர்கள், பிஸ்கட் வாங்கிக் கொடுத்தவர்கள், வீடியோ காலில் அழுதவர்கள் எல்லோரும் அவனுக்காகச் செய்தார்கள். இவர் தன் தொழிலுக்காகச் செய்தார். சரியாகக் காயாத ஒரு துணி தன் கண்ணெதிரே தொங்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு வேலைக்காரர் தெருமுனையில் இருந்ததால் அந்த மழையில் மணியின் காலில் சீழ் பிடிக்கவில்லை. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுமோ என்று என் மனைவி ராத்திரியெல்லாம் பயந்துகொண்டிருந்தாள், அதுவும் நடக்கவில்லை.

அவரிடம் இத்தனை வருஷமாகத் துணி கொடுக்கிறேன். "அவசரம், ஒன்பது மணிக்குள் வேண்டும்" என்பதைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இனி என் சட்டைக்கு அவசரம் கிடையாது. அவர் வண்டிக்கு மேலே கட்டியிருக்கும் தார்ப்பாய் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. மழையில் ஊரார் துணியையெல்லாம் காயவைத்துக் கொடுக்கிறவர் தலையில் தண்ணீர் சொட்டுகிறது. புதுத் தார்ப்பாய்க்குச் சொல்லிவிட்டேன். அதைக் காசாக நினைத்து மறுத்துவிடுவார் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வருவதற்கு முன்னாலேயே கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். ஏணி வைத்திருப்பவர் யாராவது சொல்லுங்கள். அவரிடம் யாரும் உளறிவிட வேண்டாம்.

இன்னொரு விஷயம். காலை நக்காமலிருக்க மணியின் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு எங்களிடம் சும்மா கிடக்கிறது. நடுத்தர உயர நாய்க்குச் சரியாக இருக்கும், ஒரு ஓரத்தில் மட்டும் பல் பட்ட தடம் உண்டு. இஸ்திரி போட்ட காட்டன் ரோலும் மிச்சம் இருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டுங்கள். மணி குரைப்பான், உள்ளே வாருங்கள்.