ஈரப்பதக் கட்டத்தை நிரப்பித் தாருங்கள்

பாலிமர் சோதனைக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல்லடுக்கு ஃபிலிமுக்கு நீங்கள் அனுப்பிய ஆக்சிஜன் ஊடுருவல் அறிக்கையில், ஈரப்பதத்துக்கான கட்டத்தில் இந்த முறையும் ஒரு கோடுதான் இருக்கிறது. வெப்பநிலை 23 டிகிரி, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஈரப்பதத்தைத்தான் காணோம்.

ஆக்சிஜன் ஊடுருவலுக்கான சோதனை முறைகளில் ஏஎஸ்டிஎம் டி 3985 உலர்ந்த வாயுவில் அளப்பது, ஈரப்பதத்தோடு அளக்க எஃப் 1927 இருக்கிறது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வெறும் பாலித்தீன் என்றால் கேட்டிருக்கவே மாட்டோம். நடுவில் இருப்பது ஈவிஓஎச் (எத்திலீன் வினைல் ஆல்கஹால்), ஆக்சிஜனைத் தடுக்கும் பிளாஸ்டிக். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வரைதான் தடை. நீர் புகுந்தால் பிடி தளர்ந்துவிடும். 32 மோல் சதவீத எத்திலீன் ரகத்தில், ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கும்போது ஊடுருவல் உலர்நிலையைப் போலப் பத்து மடங்கைத் தாண்டுகிறது.

இரண்டு ஃபிலிம்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஈவிஓஎச் 5 மைக்ரான், பாலித்தீன் மொத்தம் 70 மைக்ரான், பிணைப்பு அடுக்கும் ஒன்றே. முதலாவதில் பாலித்தீன் இருபுறமும் 35. இரண்டாவதில் உள்ளே 50, வெளியே 20. பைக்குள் ஈரப்பதம் 100, வெளியே 50 என்றால், எளிய கணக்கில் முதலாவதன் ஈவிஓஎச் சுமார் 75 சதவீதத்திலும் இரண்டாவதன் ஈவிஓஎச் சுமார் 64 சதவீதத்திலும் இருக்கும். அடுக்கை இடம் மாற்றியதே இந்த வித்தியாசத்துக்காகத்தான். உலர் சோதனையிலோ இரண்டுக்கும் ஒரே எண். வேலை முழுவதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் புதைந்துபோகிறது.

ஈரப்பதத்தில் அளந்தாலும் காலையில் மாட்டி மாலையில் கழற்றினால் பயனில்லை. பாலித்தீன் வழியே நீர் மெல்லத்தான் போகும். நடு அடுக்கு சமநிலைக்கு வரச் சில நாட்கள், கனமான ஃபிலிமில் வாரங்கள்கூட ஆகும். அளவீடு நகராமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கருவிக்கு வரிசை நீளம் என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கட்டண ரசீதில் மட்டும் ஒரு கட்டம்கூடக் காலியாக வருவதில்லை.

அடுக்குக் கன அறிக்கையும் இதே கதைதான். பிளேடால் கையில் வெட்டினால் பாலித்தீன் இழுபட்டு ஈவிஓஎச் விளிம்பை மூடிவிடும். மாதிரியைக் குளிரவைத்து மைக்ரோடோமில் (மிக மெல்லிய சீவல் வெட்டும் கருவியில்) சீவி, அயோடின் தொட்டால் அந்த அடுக்கு பழுப்பாகத் தனியே தெரியும். சரி, அதை வேறு மடலில் பேசுவோம்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு அறிக்கையிலும் ஃபிலிமின் இருபுற ஈரப்பதத்தையும், அளக்கும் முன் எத்தனை மணி நேரம் அந்த ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்தினீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். ஈரமூட்டும் பகுதி பழுதாகிக் கிடந்தால், அந்தக் கட்டத்தில் கோட்டுக்குப் பதிலாக ‘உலர்நிலை’ என்றாவது எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பல்லடுக்கு ஃபிலிம் ஆய்வுக் குழுவினர்