தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் பாடவேளை அட்டவணையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளைத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ப்பதா, பொதுப் பள்ளியில் சேர்ப்பதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். கைத்தொழில் தெரிந்தவருக்கு வேலை நிச்சயம் என்கிறார்கள் ஒரு தரப்பினர். பதினான்கு வயதுப் பிள்ளையைப் பட்டறைக்குள் அனுப்புவது மேற்படிப்பு ஆசையை முளையிலேயே கிள்ளுவதாகும் என்கிறார்கள் மறு தரப்பினர். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்பப் பள்ளியில் பட்டறைக் கணக்கும் பொறியியல் வரைபடமும் கற்பித்து, அதன்பின் சில ஆண்டுகள் பொதுப் பள்ளியில் கணிதப் பாடம் எடுத்தவன் நான். இரு தரப்பினரும் பள்ளியின் பெயரை வைத்து வாதாடுகிறார்களே தவிர, அந்தப் பெயருக்குள்ளே பிள்ளை வாரம் முழுவதும் என்ன செய்கிறது என்று விசாரிக்கவில்லை.

தொழில்நுட்பப் பள்ளி என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான பள்ளிகள் நடக்கின்றன. முதலாவது வகை, பொதுப் பள்ளியில் உள்ள கணிதம், அறிவியல், மொழி ஆகியவற்றைக் கைவிடாமல், அவற்றோடு ஒரு தொழில்துறையின் பாடங்களையும் பட்டறைப் பயிற்சியையும் சேர்த்துக் கற்பிப்பது. இதற்குக் காலம் கூடுதலாகத் தேவைப்படும். ஆஸ்திரியாவின் உயர் தொழில்நுட்பப் பள்ளிகளில் 14 வயதில் சேரும் மாணவர் 5 ஆண்டுகள் படிக்கிறார். பொதுப் பள்ளியில் தொடரும் அவருடைய தோழர் 4 ஆண்டுகளில் முடித்துவிடுகிறார். அந்த ஓராண்டு அதிகப்படியான உழைப்புக்கு ஈடாக, வெளியே வரும்போது பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியும் தொழில் பட்டயமும் ஒருசேரக் கைக்கு வருகின்றன. ஜப்பானில் 1962இல் தொடங்கப்பட்ட ‘கோசென்’ எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் 15 வயதில் சேர்த்துக்கொண்டு 5 ஆண்டுகள் கற்பிக்கின்றன. முடித்தவர்கள் விரும்பினால் தேர்வெழுதிப் பல்கலைக்கழகத்தின் 3ஆம் ஆண்டில் சேரலாம். இத்தகைய பள்ளியைப் பார்த்து ‘மேற்படிப்பு போய்விடும்’ என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே அஞ்ச வேண்டியது பாடச்சுமையைத்தான். அதைத் தாங்காமல் நடுவில் விலகும் பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது வகை, பொதுப் பாடங்களைக் குறைத்து அந்த நேரத்தைப் பட்டறைக்குக் கொடுப்பது. குறிப்பிட்ட ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு அனுப்புவது அதன் நோக்கம். இதனை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு முறையான பயிற்சித் திட்டம் உள்ளது; பயிற்சி பெறுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் நிறுவனத்திலும் மீதி நாள்கள் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார்; பெரும்பாலான தொழில்களுக்கு மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியிலிருந்து வேலைக்குப் போகும் இடைவெளியில் இளைஞர்கள் தவித்து நிற்கும் நிலை அங்கே குறைவு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த முன்னேற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு, அதைப் பிள்ளை பதினெட்டு வயதில் உணர்வதில்லை, நாற்பத்தைந்தில் உணர்கிறது. எரிக் ஹனுஷெக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 11 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொழிற்கல்வி பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் வேலைவாய்ப்பில் இருக்கும் முன்னிலை வயது ஏற ஏறத் தேய்ந்து, பிற்காலத்தில் பொதுக்கல்வி பெற்றவர்களே முந்துகிறார்கள். இப்படி நிறுவனத்தில் வேலை செய்தபடியே கற்கும் தொழில்பழகுநர் முறை வேரூன்றிய நாடுகளில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கற்ற எந்திரம் வழக்கொழியும்போது, புதிய எந்திரத்தின் கையேட்டைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் மொழியறிவும் கணக்கறிவும் இல்லாதவர் தடுமாறிப் போகிறார்.

அப்படியானால் பொதுப் பள்ளியே பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிடலாமா? அதற்கும் சான்று இடம் தரவில்லை. ருமேனியாவில் 1973இல் ஒரு கல்விச் சீர்திருத்தம் வந்தது. தொழிற்பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய மாணவர்களில் பெரும்பகுதியினர் அதனால் பொதுக்கல்விக்குத் திருப்பப்பட்டார்கள். பிற்காலத்தில் அந்தத் தலைமுறையினரை ஆராய்ந்தபோது, உடலுழைப்புத் தொழில்களில் அவர்கள் குறைவாக இருந்தார்களே ஒழிய, வருவாயிலோ வேலையின்மையிலோ, சீர்திருத்தத்துக்குச் சற்று முன் பிறந்தவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பொதுப் பள்ளியில் படித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நாம் கண்ணால் காண்பதில் ஒரு பகுதி, அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே வசதியும் மதிப்பெண்ணும் உடையவர்களாக இருப்பதால் ஏற்படும் மயக்கம் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு சான்று இதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தனித்து இயங்கும் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தவர்களில், சேர்க்கை மதிப்பெண்ணுக்கு மயிரிழை மேலே நின்று இடம் பெற்றவர்களையும் மயிரிழை கீழே நின்று இழந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடம் பெற்ற ஆண் மாணவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. பின்னாளில் அவர்களின் வருவாயும் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகமாக இருந்தது. அவர்கள் எந்தத் தொழில்துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பது இந்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. அவர்களுடைய பள்ளி வருகையும் பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தன. அதாவது, பட்டறை இருந்த பள்ளியில் அவர்கள் கணக்கையும் மொழியையும் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். எனினும் மாணவியரிடம் இத்தகைய பலன் எதுவும் காணப்படவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொதுப் பாடங்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் என் கட்சி என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. என் கட்சிக்கு எதிரான சான்றையும் சொல்லிவிடுகிறேன். சுவீடன் 1991இல் தன் இரண்டாண்டுத் தொழிற்பிரிவுகளை மூன்றாண்டாக நீட்டி, பொதுப் பாடங்களைக் கூட்டி, முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. பல்கலைக்கழகம் சென்றவர்களின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை. மதிப்பெண் குறைந்த மாணவர்கள் நடுவில் நின்றுவிடுவதுதான் கூடியது. பிள்ளைகள் எதை வெறுத்துத் தொழிற்பிரிவுக்கு வந்தார்களோ அதையே இன்னும் ஓராண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வேறென்ன நடக்கும்?

பட்டறைப் பள்ளியின் கணக்கு பட்டறைக்குள்ளிருந்து வர வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் என் அனுபவத்தை விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். முக்கோணவியல் என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்களிடம், கோணத்தைத் துல்லியமாக அமைக்க உதவும் சைன் பாரைக் கொடுப்பேன். இரண்டு உருளைகளின் மையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தச் சட்டத்தை 30 பாகை சாய்க்க வேண்டுமானால், ஒரு முனைக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் எனும் துல்லிய அளவுக் கட்டைகளை அடுக்க வேண்டும் என்று கேட்பேன். சைன் 30 என்பது அரை. ஆகவே 50 மில்லிமீட்டர். அடுக்கிவிட்டு, கோணமானியை வைத்துப் பார்க்கும்போது முள் 30இல் நிற்கும். பாடப்புத்தகத்தில் மூன்று எழுத்தாகக் கிடந்த சைன், அந்தக் கணத்தில் கைக்கு அகப்படும் பொருளாகிவிடும். அதற்கடுத்த நாளே 17 பாகைக்கு என்ன செய்வது என்று அவர்களாகவே கேட்பார்கள், அட்டவணையைப் புரட்டுவார்கள். லேத் எனும் கடைசல் எந்திரத்தில் மரை வெட்டுவதும் இப்படித்தான். வெட்டுக்கருவியை நகர்த்தும் திருகான லீட் ஸ்குரூவின் புரியிடைத் தூரம் 6 மில்லிமீட்டர், வெட்ட வேண்டிய மரையின் புரியிடைத் தூரம் 1.5 மில்லிமீட்டர் என்றால் பல்சக்கர விகிதம் ஒன்றுக்கு நான்கு. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டவன் வெட்டிய மரையில் நட்டு ஏறாது. விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தபோது வராத வெட்கம், ஏறாத நட்டைக் கையில் வைத்துத் திருப்பும்போது வரும். பிற்பாடு நான் பொதுப் பள்ளிக்கு மாறியபோது, அங்கே நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவர்களில் பலருக்கு 50 மில்லிமீட்டர் எவ்வளவு இருக்கும் என்று விரலால் காட்டத் தெரியவில்லை. அதுவும் ஒருவகைக் குறுகிய கல்விதான். ஏனோ அதை யாரும் குறுகியது என்று சொல்வதில்லை.

தொழில்நுட்பப் பள்ளிகளின் பெயரைக் கெடுத்ததில் பள்ளிகளுக்கே பெரும் பங்குண்டு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் எல்லோரையும் அவர்களின் விருப்பத்தைக் கேட்காமலே பட்டறைப் பிரிவில் எழுதி வைப்பார்; நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை தானாக விரும்பி வந்தால், பெற்றோரை அழைத்து மனத்தை மாற்றி அனுப்புவார். வேலைக்கு ஆகாதவர்கள் சேருமிடம் வேலை கற்கும் இடம் என்றால், அங்கே தொழிலும் தங்காது, கல்வியும் தங்காது. கடைசல் எந்திரத்தின் முன் நிற்பதற்குக் கவனமும் கணக்கும் பொறுமையும் வேண்டும். வரைபடத்தைப் படிப்பதற்குக் கற்பனையும் வேண்டும்.

மாணவியர் விஷயத்துக்கு வருகிறேன். கனெக்டிகட் ஆய்வு அவர்களிடம் பலன் காணவில்லை என்றால், தொழில்நுட்பக் கல்வி பெண்களுக்குப் பொருந்தாது என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒரே பள்ளிக்குள் மாணவர்கள் மின்பணிக்கும் எந்திரப்பணிக்கும் போக, மாணவியர் ஊதியம் குறைந்த பிரிவுகளுக்கு நாசூக்காக ஒதுக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மகளைத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்க்க எண்ணும் பெற்றோர், சென்ற ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை மாணவியர் இருந்தார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியைப் பற்றி அந்தத் தயக்கமே போதிய தகவலைத் தந்துவிடும்.

எந்தப் பள்ளியானாலும், பெற்றோர் முதலில் பாடவேளை அட்டவணையை வாங்கிப் பார்க்க வேண்டும். வாரத்தில் கணிதத்துக்கு எத்தனை பாடவேளை, மொழிக்கு எத்தனை, பட்டறைக்கு எத்தனை, அந்தப் பட்டறை நேரத்தில் ஓர் எந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பவை அங்கே வெளிப்படும். இருபது பேர் ஒரு லேத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது பட்டறைப் பயிற்சி ஆகாது. அடுத்தது, பிரிவு மாறும் வசதி. ஓராண்டு கழித்து, இது எனக்கு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், ஆண்டை இழக்காமல் பொதுப் பள்ளிக்குத் திரும்ப வழியிருக்கிறதா? ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் 10 வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவதாகக் குறை கூறுகிறோம். பின்லாந்தில் பிரிவு 16 வயதில்தான் வருகிறது, தொழிற்பிரிவை முடித்தவரும் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கலாம். எந்த வயதில் பிரிகிறோம் என்பதோடு, பிரிந்த பின் பாதை மாறலாமா என்பதும் முக்கியம். பதினான்கு வயதில் விரும்பியதைப் பதினேழில் விரும்பாமற்போவது பிள்ளையின் குற்றமன்று.

பிள்ளையின் விருப்பத்தை அறியும் முறை பற்றி ஒரு வார்த்தை. ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று வீட்டில் உட்கார்த்தி வைத்துக் கேட்டால், பெற்றோருக்கு எது பிடிக்குமோ அதையே பிள்ளை சொல்லும். ஒருநாள் பட்டறையில் அரத்தைக் கையில் கொடுத்து, இரும்புத் துண்டு ஒன்றைச் சதுரமாகத் தேய்க்கச் சொல்லிப் பாருங்கள். செங்கோணம் சரிபார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒளி கசியும் இடத்தை மறுபடி தேய்க்கப் போகும் பிள்ளையும் உண்டு, அரை மணியில் கடிகாரத்தைப் பார்க்கும் பிள்ளையும் உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் சேர்க்கைக் காலத்தில் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைத் தாங்கள் வெளியிடுகிறீர்கள். அதனோடு, தொழில்நுட்பப் பள்ளி ஒவ்வொன்றும் வாரத்தில் கணிதத்துக்கும் மொழிக்கும் ஒதுக்கும் பாடவேளைகள், முதலாண்டு முடிவில் பொதுப் பிரிவுக்கு மாற விண்ணப்பித்தோர் மற்றும் மாற்றம் பெற்றோர் எண்ணிக்கை, பிரிவுவாரியாக மாணவியர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற்று வெளியிட்டால், வாசகர் கடிதப் பகுதியில் நாங்கள் நடத்தும் வாதத்தைவிடப் பெற்றோருக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர்