சென்னையின் கதிர்வீச்சு மருத்துவர்களுக்கு: அந்த இரண்டாவது வரியையும் படித்துச் சொல்லுங்கள்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் வைத்தார்கள் (நீங்கள் ரேடியேஷன் என்பீர்கள், எங்கள் பக்கம் கரண்ட்தான்), கூடவே வாரம் ஒரு கீமோ. கட்டி கரைந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

நான்காவது வாரம், “கவுண்ட் இறங்கிடுச்சு, ஊசி போட்டா ஏறிடும்” என்று கரண்டை நிறுத்திவைத்தார்கள். கவுண்ட் என்றால் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை. ஃபில்கிராஸ்டிம் ஊசி. மெடிக்கலில் வாங்கி, ஐஸ் பையோடு வயர்கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன். மூன்று ஊசியில் 1,800 இருந்தது 6,200 ஆனது. நர்ஸ் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். கவுண்ட்தான் ஏறிவிட்டதே என்று அந்த ஞாயிறே அம்மாவை ஒரு வளைகாப்புக்குக் கூட்டிப்போனேன்.

அதே தாளில் கீழே, இரண்டாவது வரியில், லிம்போசைட் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) 7 சதவீதம் என்று இருந்தது. 6,200-இல் 7 சதவீதம் 434. பெரியவர்களுக்கு 1,000-க்கு மேல் இருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து இடது விலாவில் எரிச்சல், அப்புறம் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பக்கத்து வீட்டு ஆயா, “அக்கி, காவி குழைச்சு எழுதினா அடங்கிடும்” என்றார். எழுதினோம். தோல் டாக்டரிடம் போனது நான்காவது நாள். வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டுமாம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். பெரும்பாலான செல்கள் கதிர் பட்டால் இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் சாகின்றன. லிம்போசைட் அப்படியில்லை. சும்மா இருக்கும்போதே சில மணி நேரத்தில் தன்னை முடித்துக்கொள்கிறது. பாதியைக் கொல்ல 1, 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) போதும். ஒரு நாள் கரண்டின் அளவே கிட்டத்தட்ட அவ்வளவு, அதன் வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்த அணுக்களை உண்டாக்கும் இடுப்பெலும்பு மஜ்ஜையும் கரண்ட் படும் வட்டத்துக்குள்தான்.

ஊசி சங்கதிதான் என்னை உலுக்கியது. ஃபில்கிராஸ்டிம் என்பது உடம்பு தானே சுரக்கும் ஒரு சமிக்ஞைப் புரதத்தின் நகல். நியூட்ரோஃபில் என்ற வேறொரு வகை வெள்ளையணுவும் அதைப் பெற்றெடுக்கும் மஜ்ஜைச் செல்களும்தான் முக்கியமாக அதற்குச் செவிசாய்க்கும். லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்கள் எதிர்பார்த்திருப்பது இன்டர்லூக்கின்-7 என்ற வேறொரு புரதத்தை. சின்னம்மை வைரஸை நரம்புக்குள் அடக்கிவைப்பவை அந்த டி செல்கள். அது மறுபடி விழித்துக்கொண்டால் வருவதுதான் அக்கி. ஏறிய 6,200 பெரும்பாலும் நியூட்ரோஃபில். அம்மாவின் அக்கிக்குக் கரண்ட்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், வயது 64. ஆனால் அந்த 434-ஐ அறிந்திருந்தால் காவி குழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

லிம்போசைட்டை ஏற்ற வழக்கமான ஊசி எதுவும் இல்லை என்று தெரியும், அதைக் கேட்கவில்லை. கவுண்ட் சொல்லும்போது நியூட்ரோஃபில், லிம்போசைட் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், ஊசி ஏற்றியது எதை என்றும் சொல்லுங்கள். ‘ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் வந்தால் அன்றே வாருங்கள்’ என்று டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் ஒரு வரி அச்சடியுங்கள். அக்கித் தடுப்பூசி இங்கேயே கிடைக்கிறது. யாருக்கு, எப்போது போடலாம் என்று கரண்ட் ஆரம்பிக்கும் முன்பே பேசுங்கள்.

ஜாக்கெட் துணி பட்டால் அம்மாவுக்கு இன்னும் சுரீர் என்கிறது. வெள்ளிக்கிழமை ரெவ்யூ. அந்த லிம்போசைட் வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்