தயிரையாவது விடாதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம். உன் நலத்துக்குக் கோணேசப் பெருமானை வேண்டுகிறோம். பாலையும் தயிரையும் அடியோடு விட்டுவிட்டுப் பாதாம் பாலுக்கு மாறிவிட்டதாக நீ சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய்.

2019 ஆம் ஆண்டு, நீ இருக்கும் கனடா தன் உணவு வழிகாட்டியைத் திருத்தியபோது பாலுக்கென இருந்த தனிப் பிரிவையே எடுத்துவிட்டது என்றாய். உண்மைதான். ஆனால் அதே வழிகாட்டி, கொழுப்புக் குறைந்த பாலையும் தயிரையும் மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றோடு புரத உணவுகளில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்ற உன் முறைப்பாட்டை நான் தட்டிக்கழிக்கவில்லை. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, நம்மவர்களில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே உண்டு புளிப்பாக மாற்றிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். லக்டோஸ் நீக்கிய பாலும் உங்கள் கடைகளில் கிடைக்கிறதே. அதில் கல்சியம் ஏதும் குறைவதில்லை.

உன் வயதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஒரு கோப்பை பசும்பாலில் சுமார் 300 மில்லிகிராம் கல்சியமும் 8 கிராம் புரதமும் உள்ளன. பாதாம் பாலில் புரதம் பெரும்பாலும் 1 கிராம்தான். கல்சியம் சேர்த்த பாதாம் பால் என்றாலும் அந்தக் கல்சியம் பெட்டியின் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் வெள்ளைத் தண்ணீரைத்தான் குடிப்பாய். அங்கு பசும்பாலில் விற்றமின் டி கட்டாயம் சேர்க்கிறார்கள் என்பதையும், மாதக்கணக்கில் வெயில் படாத ஊரில் இருக்கும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும். பாலில்லாமல் எலும்பு வளராது என்று நான் சொல்லவரவில்லை. நெத்தலியை முள்ளோடு மென்று தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். நீயோ அங்கு நெத்தலியும் தின்பதில்லை, கீரையும் சமைப்பதில்லை.

இங்கு இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றதும், தேநீர்க் கடைகளில் வெறும் பிளேன்டீ மட்டும் கிடைத்ததும் உனக்கு நினைவிருக்கும். அன்று முதல் நம் வீட்டில் தம்பலகாமத்து மாட்டுப் பட்டியிலிருந்து வரும் பசும்பால்தான். அறுவடை முடிந்த வயலில் மேய்கிற நாட்டு மாடு ஓரிரு லீற்றருக்கு மேல் கறக்காது, விலையும் கூடத்தான். ஆனாலும் பொங்கிவரக் காய்ச்சி ஆறவிட்டால் மேலே படியும் ஏடு பால்மாவில் ஏது? அப்பா மத்தியானச் சோற்றுக்குப் பின் எருமைத் தயிரில் கித்துள் பனையின் இனிப்புப் பாணியை ஊற்றி உண்பார். அந்தப் பாணியை நான் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று கோபமாக இருக்கிறார். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதன்மேல் சீனியும் சேர்ந்தால் என்னாவது? நீயும் பழச்சுவை சேர்த்து விற்கும் இனிப்புத் தயிரை வாங்காதே.

வீட்டிலேயே தோய்த்துக்கொள். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், உயிருள்ள நுண்ணுயிர் உண்டு என்று எழுதியிருக்கும் வெறும் தயிரில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்துவிடு. இங்கு வெக்கைக்குத் தானாகவே உறையும். அங்கு குளிரில் உறையாது. அவணைச் சூடாக்காமல், அதன் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுவதும் உள்ளே வைத்தால் காலையில் கட்டியாக இருக்கும். வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் தயிரோடு எடுக்காதே. கல்சியம் அதை உடலில் சரியாகச் சேரவிடாது, ஆகவே நடுவில் இரண்டு மணித்தியாலமாவது விடு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா,
திருகோணமலை.